நெசவுச் சீமையில் ஓர் எழுப்புதல்

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் 16ஆம் நூற்றாண்டிலேயே லூதரின் வழிக்கு வந்துவிட்ட நகரம். ஆயினும் 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மன் பிரசங்க பீடங்கள் பலவற்றில் பகுத்தறிவுவாதம் ஓங்கியிருந்தது. இயேசு நல்லொழுக்க ஆசானாகச் சுருங்கினார்; பாவம் கல்வியால் திருத்தக்கூடிய குறையாகச் சுருங்கியது. இதற்கு எதிராக, நகரைச் சூழ்ந்த ராவென்ஸ்பெர்க் சீமையில் எழுப்புதல் இயக்கம் கிளம்பியது. சீகன்பால்கு என்ற மிஷனரியை 1706இல் தரங்கம்பாடிக்குக் கொண்டுவந்த பக்தி மரபின் பிற்காலக் கிளை என்று இதைச் சொல்லலாம்.

இயக்கத்தின் பெரும் போதகர் யோஹான் ஹைன்ரிஷ் ஃபோல்கெனிங் (1796–1877). இன்று பீலெஃபெல்டுக்குள் அடங்கிவிட்ட யோலென்பெக்கில் 1838 முதல் 1869 வரை குருவாக இருந்தார். அவர் போதித்தவை இவை: மனிதன் பிறவியிலேயே பாவி. நற்செயல்களால் அவன் மீள முடியாது. சிலுவையில் மரித்த கிறிஸ்துவை விசுவாசிப்பவனுக்குக் கிருபையாக வருவதே இரட்சிப்பு. இவை லூதரின் பழைய போதனைகள்தாம். குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருபவரையும் பார்த்து ‘நீ மனந்திரும்பினாயா?’ என்று கேட்டதே புதிது.

கேட்டவர்களில் நிலமற்ற குடிகள் ஏராளம். பண்ணையாரின் குடிசையில் வாடகைக்கு இருந்து, அவர் வயலில் உழைத்து, மிச்ச நேரத்தில் ஆளிநார் நூற்றுப் பிழைத்தவர்கள் அவர்கள். இயந்திர நூலின் போட்டியால் 1840களில் அந்தப் பிழைப்பும் நொடித்தது. வறுமையே எழுப்புதலைப் பெற்றெடுத்தது என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் சொந்த நிலமுள்ள குடியானவர்களும் இதில் முன்னின்றார்கள்.

மனந்திரும்பியவர் சாராயத்தையும் நடனத்தையும் விட வேண்டும். விட்ட இடம் வெறுமையாக இருக்கவில்லை. யோலென்பெக் இளைஞர்கள் 1843இல் பித்தளை வாத்தியங்களோடு ஓர் எக்காளக் குழுவைத் தொடங்கினார்கள். வெட்டவெளியிலும் ஒலித்த அந்த இசையில் இடம்பெற்றவை ஞானப்பாட்டுகள். ஜெர்மன் புராட்டஸ்டண்ட் சபைகளில் பின்னர் பரவிய எக்காளக் குழுக்களுக்கு இது முன்னோடிகளில் ஒன்று. ஃபோல்கெனிங் தொகுத்த ‘சிறிய மிஷன் யாழ்’ என்ற பாட்டுப் புத்தகம் 1852இல் வெளிவந்தது. அதை வெளியிட்ட கியூட்டர்ஸ்லோ ஊரின் பெர்ட்டெல்ஸ்மன் அச்சகம்தான் இன்று உலகப் பெரும் ஊடக நிறுவனம்.

இந்த மண்ணில்தான் 1867இல் வலிப்பு நோயாளிகளுக்கான இல்லம் பீலெஃபெல்டில் திறக்கப்பட்டது. பின்னாளில் பெத்தேல் என்று பெயர் பெற்ற அதன் பொறுப்பை 1872இல் போதகர் ஃப்ரீட்ரிஷ் ஃபோன் போடெல்ஷ்விங் ஏற்றார். 1869இல் தம் நான்கு பிள்ளைகளையும் இரண்டே வாரத்தில் கக்குவான் இருமலுக்குப் பறிகொடுத்தவர் அவர். இரட்சிப்பு கிருபையாக வருவதென்றால் உழைக்க முடியாதவருக்கும் அதில் குறைவில்லை என்ற நம்பிக்கை அங்கே மருத்துவமனை, பட்டறை, குடியிருப்பு என வடிவம் கொண்டது.

அந்த நம்பிக்கை நாஜி ஆட்சியில் சோதிக்கப்பட்டது. 1933 ஆகஸ்டில் இறையியலாளர்கள் டீட்ரிஷ் போன்ஹோஃபரும் ஹெர்மன் சாஸ்ஸேயும் பெத்தேலில் தங்கி ஒரு விசுவாச அறிக்கையை வரைந்தார்கள்; சபையை இனத்தால் பிரிப்பதை அது மறுத்தது. பிறர் திருத்தித் திருத்தி அதை நீர்க்கச் செய்ததால் போன்ஹோஃபர் இறுதி வடிவத்தில் கையெழுத்திடவில்லை. 1934 முதல் அதே பெத்தேலின் மருத்துவமனைகளில், நாஜி சட்டப்படி, நோயாளிகளுக்குக் கட்டாயக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது.