கடல் கடந்து வந்தவர் கற்ற தெலுங்கு

பிழைப்பை நாடிச் சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய நாம், தொண்டை நாடி இவ்வட்டாரத்திற்கு வந்த ஒருவரை இவ்வாண்டு விழா மலரில் நினைவுகூர்வது பொருத்தமே. அவர் பெயர் ஜேக்கப் சேம்பர்லின்.

1835-இல் அமெரிக்க நாட்டில் பிறந்த அவர், சமயக் கல்வியோடு மருத்துவமும் பயின்றார். ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் நிறுவிய ஆற்காடு மிஷனில் சேர்ந்து, 1860-இல் பலமனேரிக்கு வந்தார். தெலுங்கு கற்றார். 1863-இல், இருபத்தெட்டாம் வயதில், மதனப்பள்ளியில் பணி தொடங்கினார். 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் நெடுங்காலம் இருந்த ஊர் அது.

நோயாளிகள் கூடியதும் முதலில் வேதவாசகம், பின்னர் மருந்து. இதுவே அவர்தம் அன்றாட நெறி. அவ்வாண்டே ஐதராபாத் சமஸ்தானத்தின் வழியே நெடும்பயணம் மேற்கொண்டார். ஓரூரில் கல்லேந்திய கூட்டம் அவரைச் சூழ்ந்தது. முதலில் ஒரு கதையைக் கேளுங்கள், பிறகு எறியலாம் என்று தெலுங்கில் வேண்டினார். இயேசுவின் வரலாற்றைக் கூறினார். கேட்டவர்கள் கற்களைக் கீழே போட்டனர் என்று அவரே எழுதியுள்ளார்.

அவர் சமயத்தை ஏற்றோரும் உண்டு, ஏலாதோரும் உண்டு. ஆனால் அவர் தெலுங்கை அயல்மொழி என்று ஒதுக்கவில்லை. தெலுங்கு விவிலியத் திருத்தக் குழுவிற்குத் தலைமை தாங்குமளவு அதில் தேர்ந்தார். 1908-இல் மதனப்பள்ளியிலேயே மறைந்தார்.

நம் இல்லங்களில் தமிழ் தழைக்க வேண்டும், ஐயமில்லை. அத்துடன், நம்மை வாழவைக்கும் மண்ணின் மொழியும் நம் மக்கள் நாவில் இனிது பழகுக! அதுவே நாம் செலுத்தும் நன்றிக்கடன்.