ரேட்டிங் ஏஜென்சிகள் போட மறுத்த கையெழுத்து

கிரெடிட் ரேட்டிங் ஏஜென்சிகள் 2008இல் சொதப்பியதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது 2010 ஜூலையில் நடந்த ஒரு கூத்து. அது புரியணும்னா கொஞ்சம் பின்னால் போகணும்.

1909இல் ஜான் மூடி அமெரிக்க ரயில்வே கம்பெனிகளின் கடன் பத்திரங்களுக்குத் தரவரிசை போட்டு ஒரு புத்தகமாக விற்றார். காசு கொடுத்தது முதலீட்டாளர்கள். 1970களில் இது தலைகீழானது. பத்திரம் வெளியிடும் கம்பெனியே தனக்கு மார்க் போடச் சொல்லிப் பணம் கட்டத் தொடங்கியது. ஜெராக்ஸ் மெஷின் பரவி, ஒருத்தர் வாங்கிய புத்தகத்தைப் பத்துப் பேர் நகலெடுத்ததும் இதற்கு ஒரு காரணம் என்பார்கள்.

1975இல் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்.இ.சி., தரகு நிறுவனங்கள் எவ்வளவு மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற விதியில் ரேட்டிங்கை நுழைத்தது. நல்ல ரேட்டிங் உள்ள பத்திரம் கையிலிருந்தால் குறைந்த மூலதனம் போதும். சரி, யார் கொடுத்த ரேட்டிங்? 'தேசிய அளவில் அங்கீகரிக்கப்பட்ட' ஏஜென்சி கொடுத்தது. அங்கீகாரம் என்றால் என்ன என்பதற்கு விதியில் விளக்கமே கிடையாது. விண்ணப்பப் படிவமும் கிடையாது. எஸ்.இ.சி. ஊழியர்கள் 'நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைக்க மாட்டோம்' என்று ஒரு கடிதம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். டாக்குமென்டேஷன் இல்லாத கோடு புரொடக்‌ஷனில் முப்பது வருஷம் ஓடுவது மாதிரி இது ஓடியது.

நடுவில் 1982இல் ஒரு சின்ன விதி வந்தது: 436(ஜி). 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்திர விற்பனைக்குப் பதிவு செய்யும் ஆவணத்தில் ஒரு நிபுணரின் கருத்தைச் சேர்த்தால் அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். அந்தப் பகுதி தப்பாக இருந்தால் முதலீட்டாளர் அவர்மேலும் வழக்குப் போடலாம். ஆடிட்டர்கள் அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். ரேட்டிங் ஏஜென்சிகளுக்கு மட்டும் 436(ஜி) விலக்குக் கொடுத்தது. ரேட்டிங்கை ஆவணத்தில் அச்சடிக்கலாம், சம்மதம் தேவையில்லை, பொறுப்பும் இல்லை. 'உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இல்லை' என்று நாங்கள் சாஃப்ட்வேர் லைசென்ஸில் எழுதுவோமே, அதே சமாச்சாரம்.

2001 டிசம்பர் 2ஆம் தேதி என்ரான் திவாலானது. அதற்கு நான்கு நாள் முன்பு வரைக்கும் பெரிய ஏஜென்சிகள் அதற்கு முதலீட்டுக்கு உகந்த தரம்தான் கொடுத்திருந்தார்கள். ஆற அமர யோசித்து 2006 செப்டம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. அப்போதுதான் முதல்முறையாக முறையான படிவம் வந்தது.

அந்தப் படிவத்தின் இணைப்புகளைப் படிக்கவே சுவாரஸ்யமாக இருக்கும். மதிப்பிடும் முறைகள், நிர்வாக அமைப்பு, நடத்தை விதிகள், எங்கெங்கே சுயநலம் குறுக்கிடலாம், அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதெல்லாம் பொதுமக்கள் பார்வைக்கு. பெரிய வாடிக்கையாளர்கள் யார், எதிலிருந்து எவ்வளவு வருமானம், ஆய்வாளர்களுக்கு மொத்தச் சம்பளம் எவ்வளவு என்பது எஸ்.இ.சி. கண்ணுக்கு மட்டும். காசு கொடுப்பது யார் என்பதுதான் இந்தத் தொழிலின் முக்கியமான கேள்வி; அதை எடுத்து ரகசியக் கவரில் வைத்தது எனக்கு இன்றைக்கும் விந்தையாகப் படுகிறது. பழைய ரேட்டிங்குகள் எவ்வளவு பலித்தன என்ற புள்ளிவிவரம் முதல் இணைப்பிலேயே உண்டு. ஆனால் ரேட்டிங்கின் உள்ளடக்கத்திலோ மதிப்பிடும் முறையிலோ எஸ்.இ.சி. தலையிடக் கூடாது என்று அதே சட்டம் தடுத்துவிட்டது.

2007 ஜூனில் இதற்கான விதிகள் வந்தன. ஜூலையில் ஏஜென்சிகள் வீட்டுக்கடன் பத்திரங்களின் ரேட்டிங்கை நூற்றுக்கணக்கில் இறக்கத் தொடங்கியிருந்தன. படிவத்தை ஒழுங்காகப் பூர்த்தி செய்து அவை பதிவானது செப்டம்பரில்!

இனி அந்தக் கூத்து. 2010 ஜூலை 21 அன்று ஒபாமா டாட்-ஃபிராங்க் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதன் 939ஜி பிரிவு, 436(ஜி) இனி செல்லாது என்றது. ஏஜென்சிகளும் ஆடிட்டர் மாதிரி சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், தப்பானால் கோர்ட்டுக்கு வர வேண்டும். நியாயம்தானே? ஆனால் ஏஜென்சிகள் முடியாது என்றுவிட்டன. ரேட்டிங் வெறும் கருத்து, கருத்துச் சொல்லும் உரிமை அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது என்பது அவர்களின் நெடுநாள் வாதம்.

இங்கேதான் முடிச்சு விழுந்தது. கார் கடன், கிரெடிட் கார்டு பாக்கி போன்றவற்றை மூட்டை கட்டிப் பத்திரமாக்கும்போது, குறிப்பிட்ட ரேட்டிங் கிடைத்தால்தான் விற்பனை என்று நிபந்தனை இருந்தால் அதை ஆவணத்தில் சொல்லியே ஆகணும், அது எஸ்.இ.சி.யின் இன்னொரு விதி. சொன்னால் சம்மதம் வேண்டும். சம்மதமோ கிடைக்காது. ஒன்றுக்கொன்று காத்திருந்து இரண்டும் நகராமல் நிற்பதை நாங்கள் டெட்லாக் என்போம். பொதுமக்களுக்கு விற்கும் அந்தப் பத்திரச் சந்தை அப்படியே நின்றது.

எஸ்.இ.சி. ஒரே நாளில் இறங்கி வந்தது. ஜூலை 22 அன்று ஃபோர்டு மோட்டார் கிரெடிட்டுக்கு ஊழியர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள்: ரேட்டிங்கை ஆவணத்தில் சொல்லாமல் விட்டாலும் நடவடிக்கைக்குப் பரிந்துரைக்க மாட்டோம், ஆறு மாதத்துக்கு. நவம்பர் 23 அன்று இன்னொரு கடிதம்: மறு அறிவிப்பு வரும் வரை. முதலீட்டாளருக்குக் கூடுதல் பாதுகாப்பு கொடுக்கப் போட்ட பிரிவு, கடைசியில் அவர் கையில் கிடைக்கும் ஆவணத்திலிருந்து ரேட்டிங்கையே எடுத்துவிடுவதில் முடிந்தது.

2014 ஆகஸ்டில் எஸ்.இ.சி. புதிய விதிகளை இறுதி செய்தது. ஒவ்வொரு ரேட்டிங்கோடும் இப்போது ஒரு படிவம் வெளியிட வேண்டும். இந்த முடிவில் வேறெந்த வியாபார நோக்கமும் கலக்கவில்லை, தகுதியை மட்டுமே பார்த்தோம் என்று பொறுப்பானவர் அதில் உறுதிமொழி கொடுக்கணும். அந்தக் கையெழுத்தை ஏஜென்சிகள் மறுக்காமல் போடுகின்றன.