ரம் ஜங்கிளுக்கு ஒரு போர்வை

யுரேனியம் தோண்டிய இடத்தில் ஓர் ஆற்றைச் சாதாரணக் கல் ஒன்று கொன்ற கதை உங்களுக்குத் தெரியுமா?

ஆஸ்திரேலியாவின் வடக்கே, டார்வின் நகருக்குத் தெற்கில் இருக்கிறது அந்த இடம். பெயர் ரம் ஜங்கிள்! ரம் ஏற்றிப்போன மாட்டுவண்டியால் வந்த பெயர் என்று ஒரு கதை உண்டு.

1949-ல் ஜாக் ஒயிட் என்பவர் அங்கே யுரேனியத்தைக் கண்டுபிடித்தார். அரசாங்கம் கொடுத்த பரிசு, 25,000 பவுண்டு! அது அணுகுண்டுப் போட்டி உச்சத்தில் இருந்த காலம். அமெரிக்காவும் பிரிட்டனும் 'எங்களுக்குத்தான் வேணும்' என்று ஒப்பந்தம் போட, 1954-ல் பிரதமர் மென்சீஸ் ஆலையைத் திறந்துவைத்தார். யுரேனியத்தோடு தாமிரமும் எடுத்தார்கள். 1971-ல் கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வெட்டிப் போட்ட கற்குன்றுகளை அப்படியே விட்டுவிட்டு!

அந்தக் குன்றுகளுக்குள்தான் வில்லன் இருந்தான். பைரைட்! பார்க்கத் தங்கம் மாதிரி மின்னி ஆளை ஏமாற்றுகிற, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல். பூமிக்கடியில் இருக்கும்வரை பரம சாது. வெளியே எடுத்துப் போட்டு, காற்றும் மழைத் தண்ணீரும் பட்டால்... கந்தக அமிலம்! போதாக்குறைக்கு, இதையே சாப்பிட்டு வாழ்கிற பாக்டீரியாக்கள் வேறு அந்த வேலையைப் பல மடங்கு வேகப்படுத்தும். அமிலம் கல்லில் மிச்சமிருக்கும் தாமிரத்தையும் துத்தநாகத்தையும் கரைத்து இழுத்துக்கொண்டு ஓடும்.

ஓடியது. ஃபினிஸ் நதியின் கிழக்குக் கிளையில் மீன்கள் செத்தன. காலங்காலமாக அந்த ஆற்றை நம்பி வாழ்ந்த குங்காரக்கன், வாராய் பழங்குடி மக்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

1982-ல் அரசு பரிகாரத்தில் இறங்கியது. யோசனை எளிமையானது: குன்றுக்குப் போர்வை போர்த்துவது! குன்றின் சரிவைச் சீராக்கி, முதலில் களிமண்ணைப் போட்டு இறுக்கினார்கள். அதன்மேல் ஈரம் காக்கிற மண். அதற்கும் மேலே, மழை அரிக்காமலிருக்க சரளை மண். புல்லும் விதைத்தார்கள். முன்பு பெய்கிற மழையில் பாதியளவு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. போர்வைக்குப் பிறகு, நூற்றுக்கு ஐந்து பங்குகூட இறங்கவில்லை. 1986-ல் வேலை முடிந்தது. செலவு சுமார் 1.86 கோடி ஆஸ்திரேலிய டாலர். உலகம் கைதட்டியது!

ஆனால் மழைக்காலம் போய் வறண்ட காலம் வரும்போதெல்லாம் களிமண் காய்ந்தது, வெடித்தது. வேர்கள் துளைத்தன. கரையான்கள் புகுந்தன. மொத்தமே முக்கால் மீட்டருக்கும் குறைவான போர்வை அது! பத்து வருடத்திலேயே தண்ணீர் மறுபடி கூடுதலாக இறங்க ஆரம்பித்தது. ஆறு ஓரளவுக்குத் தேறியது, நிஜம். முழுசாகக் குணமாகவில்லை. 2021-ல் ஆஸ்திரேலிய அரசு மறுபடி பணம் ஒதுக்க வேண்டிவந்தது!

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆலை ஓடியது 17 வருடம். மூடுகிற வேலை அரை நூற்றாண்டு கழித்தும் ஓயவில்லை. அங்கே எடுத்த யுரேனியம் கடல் கடந்து எங்கோ போய்விட்டது. அதற்கான பில் மட்டும், அப்போது பிறந்திராத பேரன் பேத்திகளின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது!