இரண்டு நாய், ஒரே குழப்பம்



போன கோடை விடுமுறையில் பெங்களூரிலிருந்து அக்கா போன் செய்தாள். "டேய், லேப்ரடூடுல் வாங்கலாமா, கோல்டன்டூடுல் வாங்கலாமா? நீதான் எப்பப் பார்த்தாலும் எதையாவது படிச்சுக்கிட்டே இருப்பியே, பார்த்துச் சொல்லு" என்றாள்.

நான் அதை ஏதோ புது நூடுல்ஸ் வகை என்று நினைத்துவிட்டேன் (சிரிக்காதீர்கள்). நாய்க்குட்டி என்று அவள் விளக்கியதும் சிரிப்பு போய்விட்டது. அக்கா பையனுக்கு ஏழு வயது. ராத்திரியில் வீசிங் வரும். ஆனால் நாய் என்றால் உயிர். பூடுல் கலந்த நாய்க்கு முடி கொட்டாது, அலர்ஜி வராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் இந்த இரண்டில் ஒன்று. விலையோ மாமாவின் ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே விழுங்கிவிடும்.

ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு எனக்கென்ன தெரியும்? படிப்பதோ வரலாறு. சரி, இந்த நாய்களின் வரலாற்றையே படித்துப் பார்ப்போம் என்று இறங்கினேன். அக்காவுக்குப் பதில் அங்கேயே இருந்தது.

ஹவாயிலிருந்து வந்த கடிதம்

பூடுல் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது சினிமாவில் பணக்கார வீட்டு அம்மா மடியில் இருக்கும் பொம்மை நாய். உண்மையில் அது தண்ணீரில் இறங்கி வேலை செய்த நாய். வேட்டைக்காரர் சுட்ட வாத்து ஏரியில் விழுந்தால் நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வரும். பெயரே 'தண்ணீரில் சளப்பென்று அடிப்பது' என்ற பொருளுள்ள ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. அதன் சுருட்டை முடியில் உதிர்வது சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். தரையில் விழுவது குறைவு. இந்தக் குணத்துக்காகத்தான் அதை மற்ற நாய்களோடு கலந்தார்கள்.

1980-களில் ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கித் தரும் நிறுவனத்தில் வாலி கான்ரன் என்பவர் இனப்பெருக்க மேலாளராக இருந்தார். ஹவாயிலிருந்து பார்வையற்ற ஒரு பெண்மணி அவருக்குக் கடிதம் எழுதினார். எனக்கு வழிகாட்டி நாய் வேண்டும், ஆனால் என் கணவருக்கு நாய் முடி என்றால் அலர்ஜி, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். (அக்காவின் கேள்வியேதான்!)

கான்ரன் முதலில் கலப்பில்லாத பூடுல்களையே பழக்கிப் பார்த்தார். 33 நாய்கள். ஒன்றும் அந்த வேலைக்குத் தேறவில்லை. கடைசியில் 1989-ல் ஒரு லேப்ரடார் நாயையும் பெரிய வகைப் பூடுலையும் சேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. அந்த மூன்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பினார். மூன்றில் ஒன்றே ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. அதற்குப் பெயர் சுல்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே ஈற்று. ஆனாலும் மூன்றில் இரண்டு ஒத்துக்கொள்ளவில்லை. கான்ரனின் முதல் லேப்ரடூடுல் குட்டிகளிலேயே கணக்கு இதுதான்!

குட்டிகளை எங்கே வளர்ப்பது? நாய்க்குட்டியை வீட்டில் வைத்து வளர்த்துத் தரக் குடும்பங்கள் வரிசையில் காத்திருந்தன. ஆனால் 'கலப்பு' என்றதும் யாருக்கும் வேண்டாம். கான்ரன் ஒரு யோசனை செய்தார். கலப்பு என்று சொல்லாமல் 'லேப்ரடூடுல்' என்று ஒரு பெயரைச் சூட்டி, புது வகை வழிகாட்டி நாய் என்று ஊருக்கெல்லாம் அறிவித்தார். உடனே போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. நேற்று வேண்டாம் என்று ஒதுக்கிய அதே குட்டிக்கு இன்று போட்டி!

பிற்காலத்தில் கான்ரனே இதற்காக வருந்தினார். 2019-ல் ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகத்துக்குத் தந்த பேட்டியில், இதைத் தொடங்கியதுதான் தன் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு என்ற பொருளில் பேசினார். தாய் தகப்பனின் உடல்நலத்தைக்கூடப் பார்க்காமல் காசுக்காகக் குட்டி போட வைத்தவர்களைப் பார்த்து வந்த வருத்தம் அது.

ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம்?

கோல்டன்டூடுல் பிரபலமானது 1990-களில். லேப்ரடாருக்குப் பதில் கோல்டன் ரெட்ரீவர், அவ்வளவுதான். இந்த கோல்டன் ரெட்ரீவரும் பழங்கால இனம் இல்லை. 1868-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பிரபு, மஞ்சள் நிற ரெட்ரீவர் ஒன்றையும் தண்ணீர் ஸ்பேனியல் ஒன்றையும் சேர்த்ததில் தொடங்கியது. அதாவது இன்றைய 'சுத்தமான' இனமும் அன்றைக்குக் கலப்புதான்!

அக்காவுக்காக நான் எழுதி வைத்த குறிப்பு இது. இரண்டுமே மனிதரோடு ஒட்டும், இரண்டுக்கும் ஓட்டமும் விளையாட்டும் வேண்டும். லேப்ரடாருக்கு முடி குட்டை, கோல்டனுக்கு நீளம். ஆகவே கோல்டன்டூடுலின் முடி பெரும்பாலும் நீளமாக அலை அலையாக இருக்கும். ஆனால் முதல் தலைமுறைக் கலப்பில் ஒரே ஈற்றில் ஒன்று சுருட்டையாகவும் ஒன்று நேர்முடியாகவும் வரலாம். முடி உதிராத குட்டி என்றால் சீப்பு போடாவிட்டால் சடை பிடிக்கும், சில வாரங்களுக்கு ஒருமுறை வெட்டியாக வேண்டும். கோடை விடுமுறையில் வேலூர்ப் பக்கம் அழைத்து வந்தால் அதற்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். லேப்ரடார், கோல்டன், பெரிய பூடுல் மூன்றுக்குமே இடுப்பு மூட்டுக் கோளாறு வரக்கூடியது. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது குட்டியின் போட்டோவை இல்லை, தாய் தகப்பனின் எக்ஸ்ரேயை.

அலர்ஜி விஷயம்தான் முக்கியம். அலர்ஜி கொடுப்பது முடி இல்லை. நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் சிறுநீரிலும் இருக்கும் புரதம். முடி கொட்டாத நாய்க்கும் எச்சில் உண்டே! 2011-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நாய் உள்ள வீடுகளின் தூசியை எடுத்து ஆராய்ந்தார்கள். 'அலர்ஜி தராத' இனம் என்று சொல்லப்படும் நாய்கள் இருந்த வீடுகளிலும் மற்ற நாய்கள் இருந்த வீடுகளிலும் அந்தப் புரதத்தின் அளவில் வித்தியாசம் தெரியவில்லை.

நம்ம ஊர் சண்டை

இதையெல்லாம் ஹாஸ்டலில் சொல்லிக்கொண்டிருந்தபோது கோவில்பட்டி நண்பன் குறுக்கிட்டான். "இதுக்கு ஏன்டா ஆஸ்திரேலியா வரைக்கும் போற? எங்க ஊர்ல சிப்பிப்பாறையா கன்னியான்னு விடிய விடியச் சண்டை நடக்கும்" என்றான்.

சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்து ஊர். ராஜபாளையமும் அதே மாவட்டம்தான். சிப்பிப்பாறை, கன்னி இரண்டுமே முயல் வேட்டைக்கு வளர்த்த நாய்கள். நீண்ட மூஞ்சி, ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, குட்டை முடி, கண்ணால் பார்த்துத் துரத்தும் வேகம். பக்கத்தில் நிறுத்தினால் என்னைப் போன்றவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. பிரித்துச் சொல்வது முக்கியமாக நிறத்தை வைத்துத்தான். கறுப்பு உடம்பில் பழுப்புத் திட்டு இருந்தால் கருங்கன்னி, வெளுப்பாக இருந்தால் பால்கன்னி. செவலை, சாம்பல் என்றால் சிப்பிப்பாறை. கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் கன்னி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இரண்டும் ஒரே இனம்தான், நிறம்தான் வேறு என்பவர்களும் உண்டு.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இந்த நாய்களின் வேட்டைத் தொழில் போனது. 1980-களின் தொடக்கத்தில் சென்னை சைதாப்பேட்டையில் நம் நாட்டு நாய்களுக்கென்று அரசு ஒரு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. 2005 ஜனவரியில் தபால் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து ராஜபாளையம் இடம் பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று தனித்தனியாகப் பெயர் சொன்னார். ஆனால் ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் முதன்முதலில் பதிவு செய்த நாய் இனங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்றுதான். கன்னிக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. அதனால் கன்னியின் ஓட்டம் ஒரு அடி குறைந்துவிடவில்லை!

நிறத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே பாடம் இருக்கிறது. ராஜபாளையம் என்றால் பால் வெள்ளையாகவும் மூக்கு இளஞ்சிவப்பாகவும் இருக்க வேண்டும் என்பார்கள். செவிட்டுக் குட்டிகள் பிறக்கின்றன என்ற குறையும் அந்த இனத்தில்தான் அதிகம் கேட்கிறது. நிறம் தரும் செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. முழு வெள்ளையாகப் பிறக்கும் நாய்களில் அவை அங்கே இல்லாமல் போனால் காது கேட்காது. டால்மேஷன் நாய்களிலும் இதே பிரச்சினைதான்.

அப்பா சொன்னது

என் அப்பா இங்கே டேனரியில் முப்பது வருடமாகத் தோல் தரம் பிரிப்பவர். சாயம் போட்டு மெருகேற்றிய பிறகு வெள்ளாட்டுத் தோலையும் செம்மறித் தோலையும் காட்டினால் எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் கட்டை விரலால் ஒரு முறை நீவிப் பார்த்துச் சொல்லிவிடுவார். வெள்ளாடு இறுக்கம், செம்மறி தொளதொளப்பு. வெள்ளாட்டுத் தோலிலும் ஒன்று போல் இன்னொன்று இருக்காது என்பார்.

அக்கா விஷயத்தைச் சொன்னேன். நாயைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "கலரும் பேரும் நாம போடறதுடா. தோல் எப்படி இருக்குன்னு தொட்டுப் பார்த்தாதான் தெரியும்" என்றார், அவ்வளவுதான்.

கான்ரன் செய்ததும் அதைத்தானே? அவர் ஹவாய்க்குப் பெயரை அனுப்பவில்லை. முடியையும் எச்சிலையும் அனுப்பினார். 'லேப்ரடூடுல் ஒத்துக்கொள்ளும்' என்று அந்தப் பரிசோதனை சொல்லவில்லை. 'சுல்தான் ஒத்துக்கொள்கிறான்' என்றுதான் சொன்னது. பின்னால் வந்தவர்கள் பரிசோதனையை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். இரண்டில் எது என்று கேட்காதே, இந்த நாய் இந்தப் பையனுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேள். முதலில் டாக்டரிடம் போ. பிறகு யார் வீட்டிலாவது வளர்ந்த நாயோடு சில நாள் பழகவிட்டுப் பார். குட்டி வாங்குவது அதற்கப்புறம்.

டாக்டர் சம்மதித்தார், மருந்தும் கையில் இருந்தது. அவர்கள் அடுக்குமாடியிலேயே ஒரு வீட்டில் வளர்ந்த கோல்டன்டூடுல் இருந்தது. ஞாயிறுதோறும் பையன் அங்கே போனான். முதல் இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. மூன்றாவது ஞாயிறு இரவு வீசிங் வந்துவிட்டது.

குட்டி வாங்கவில்லை. பையன் ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை என்று அக்கா சொன்னாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வாங்கி, பெயர் வைத்து, மடியில் போட்டுத் தூங்கிய பிறகு அந்தக் குட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்திருந்தால்? அப்போது அழுவது பையன் மட்டுமா? அந்தக் குட்டியும்தானே.

இன்னொரு வீட்டில் இன்னொரு நாயைப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். இந்த முறை அது என்ன இனம் என்று அக்கா கேட்கவே இல்லை.