ஊவா கேட்ட நீதி

அரசு எழுத்திலே தந்த வாக்கை மீறுமாயின், குடிகள் எவரிடம் சென்று முறையிடுவது? இவ்வினாவுக்கு விடை காணாமலே ஊவா நாடு 1817ஆம் ஆண்டிலே வில்லும் அம்பும் ஏந்திற்று.

1815 மார்ச் 2ஆம் நாள் கண்டியிலே ஓர் உடன்படிக்கை எழுதப்பெற்றது. நாயக்கர் மரபில் வந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அரியணை இழந்தான். ஆங்கில மன்னன் அவனுக்குப் பதிலாக அரசுரிமை பெற்றான். பௌத்த சமயமும், நாட்டு வழக்கங்களும், பிரதானிகளின் உரிமைகளும் காக்கப்படும் என்பது ஆங்கிலேயர் அளித்த வாக்கு. ஆனால், அவ்வாக்குப் பிழைத்தால் தட்டிக் கேட்க ஒரு மன்றம் அமையவில்லை.

நாளடைவில் பிரதானிகள் தம் மதிப்புக் குன்றக் கண்டனர். வெல்லஸ்ஸவிலே ஹஜ்ஜி மரைக்கார் என்பவரை ஆங்கிலேயர் முகாந்திரமாக நியமித்ததும் அவர்களை உறுத்தியது. அவ்வேளையிலே, நாடிழந்த அரசனின் உறவினன் துரைசாமி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் தோன்றினான். அச்செய்தியை விசாரிக்கப் பதுளையிலிருந்து புறப்பட்ட ஆங்கில அதிகாரி வில்சன், 1817 செப்டெம்பரில் அம்புக்கு இரையானார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கப்பெட்டிபொல திசாவையே கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்டார்.

காட்டுக்குள் மறைந்து போர் செய்தோரைத் தேசாதிபதி பிரௌன்றிக்கின் படைகள் பசியினால் வென்றன. வீடுகள் எரிந்தன, நெல் அழிந்தது, கால்நடைகள் மாண்டன. பதுளைக்கு மதிலில்லை, ஊவா நாடு முழுவதுமே முற்றுகைக்குள்ளான நகரம்போல் வாடியது. இதனிடையே, துரைசாமி அரசகுலத்தவன் அல்லன், வில்பாவ என்னும் முன்னாள் பிக்குவே என்பதும் வெளிப்பட்டது. 1818 நவம்பர் 26ஆம் நாள் கண்டியிலே கப்பெட்டிபொல சிரச்சேதம் செய்யப்பட்டார். அதற்கு ஐந்து நாள் முன்னரே, பிரதானிகளின் உரிமைகளைக் குறைக்கும் புதிய பிரகடனத்தை அரசு வெளியிட்டிருந்தது. இருவர் கூடி எழுதியதை ஒருவரே திருத்தி எழுதினார்.

ஓர் அரசனை நீக்க மற்றோர் அரசனைத் தேடுவதன்றி ஊவாவுக்கு வேறு வழி தெரியவில்லை. வேறொரு வழியைத் தொண்ணூறு ஆண்டுகளின் பின் பாரசீகத்துத் தப்ரீஸ் நகரம் காட்டியது. 1906இல் கிடைத்த அரசியலமைப்பை மறுத்து, 1908இல் மன்னன் முகம்மது அலி ஷா பாராளுமன்றத்தைப் பீரங்கியால் தகர்த்தான். சத்தார் கான், பாக்கிர் கான் என்போரின் தலைமையிலே தப்ரீஸ் எதிர்த்து நின்றது. முற்றுகையால் பஞ்சம் வந்தபோதும் அந்நகரத்தார் வேறோர் அரசனைக் கேட்டிலர், பாராளுமன்றத்தையே கேட்டனர். 1909 ஏப்ரலில் ருசியப் படை அந்நகரினுள் புகுந்தது. எனினும், அவ்வாண்டு ஜூலையிலே அரசியலமைப்புவாதிகள் தலைநகரைப் பிடிக்க, மன்னன் முடியிழந்தான்.

ஊவா மலைகளிலே பின்னர் கோப்பியும் தேயிலையும் தழைத்தன. அவற்றை வளர்க்கத் தமிழ்த் தொழிலாளர் வந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. எஞ்சியோரின் குறை தீர 2003ஆம் ஆண்டிலே மற்றொரு சட்டம் வேண்டியிருந்தது. உரிமையை எழுதி வைத்தல் முதற்படி. அதனைக் காக்கும் மன்றத்தை நிறுவி விழித்திருத்தலே அடுத்த படி. ஊவா 1818இல் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம் இதுவே.