சொல்லாமல் விட்ட ஒரு நொடி



1981ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. அக்கணமே 1982 பிறந்தது. சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு நாடு முழுவதும் ஒன்றுபட வேண்டும் என்பதே அதன் நோக்கம். சிங்கப்பூரும் உடன் மாற்றிக்கொண்டமையால், ஜொகூர் பாலத்தைக் கடந்து அன்றாடம் வேலைக்குச் செல்வோர் இக்கரைக்கு ஒரு நேரம், அக்கரைக்கு ஒரு நேரம் என்று அல்லற்பட நேரவில்லை. ஆயினும் செய்தி எட்டாத வீடு ஒன்று இருந்திருக்குமாயின், அவ்வீட்டுக் கடிகாரம் பழுதின்றி ஓடியும் அரைமணி நேரம் பிந்தியே இருந்திருக்கும். நேரத்தை மாற்றுதல் ஒரு வேலை. மாற்றியதை அறிவித்தல் வேறொரு வேலை.

இவ்விரண்டாம் வேலை விடுபட்டதனால் 2012ஆம் ஆண்டில் உலகெங்கும் கணினிகள் திணறிய வரலாற்றையே இன்று எழுத விழைகின்றேன்.

பூமியின் சுழற்சி அணுக் கடிகாரத்தைப் போல் சீரானதன்று. அவ்விரண்டுக்கும் இடையே விழும் வேறுபாட்டைச் சரிசெய்ய 1972ஆம் ஆண்டு முதல் அவ்வப்போது ஒரு நொடியைச் சேர்த்து வந்துள்ளனர். இதனை லீப் நொடி என்பர். இதுவரை 27 முறை சேர்த்தாயிற்று. இறுதியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31 அன்று. அனைத்துலக நேரப்படி நள்ளிரவில் இது நிகழ்வதால், நமக்கு அது காலை எட்டு மணி. 7.59.59க்குப் பின் 8.00.00 வராமல், இடையே 7.59.60 என்று ஒரு நொடி வந்து போகும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கடிகாரக் கணக்கில் அறுபதாம் நொடி என்று ஒன்றைக் குறிக்க இடமில்லை. எனவே அது தன் கடிகாரத்தை ஒரு நொடி பின்னே இழுத்து, ஒரே நொடியை இருமுறை எண்ணுகிறது. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

லினக்ஸின் கருப்பகுதியாகிய கர்னல் இரு கடிகாரங்களைப் பேணுகிறது. ஒன்று, ஒருபோதும் பின்செல்லாமல் முன்னோக்கியே எண்ணுவது. மற்றொன்று, நாம் சுவரில் காணும் நேரத்தைக் காட்டுவது. 2006 மார்ச்சில் வெளிவந்த 2.6.16 பதிப்பில் நுண்ணிய நேரமானிகளுக்கெனத் தனிப்பகுதி ஒன்று சேர்க்கப்பட்டது. "இந்த நேரத்தில் என்னை எழுப்பு" என்று நிரல்கள் கேட்டால் எழுப்பிவிடுவது அதன் பணி. அது முதற் கடிகாரத்தைக் கொண்டே கணக்கிடும். இரு கடிகாரங்களுக்கும் உள்ள வேறுபாட்டைத் தனியே குறித்து வைத்திருக்கும். சுவர் நேரம் மாறினால் அந்தக் குறிப்பையும் மாற்ற வேண்டும். அதற்கென ஓர் அறிவிப்பு அழைப்பும் இருந்தது.

2007ஆம் ஆண்டில், லீப் நொடிக்கான நிரற்பகுதியிலிருந்து அவ்வழைப்பு நீக்கப்பட்டது. அதற்குத் தக்க காரணம் உண்டு. அழைப்பு கணினியின் எல்லாச் செயலிகளையும் எட்டி, அவை மறுமொழி தரும்வரை காத்திருக்கும். லீப் நொடியோ குறுக்கீடு எனப்படும் நிலையில் கையாளப்படுவது. அந்நிலையில் செயலி எவருக்காகவும் காத்திருத்தல் ஆகாது. காத்திருந்தால் கணினி முழுவதும் உறைந்துவிடக்கூடும். அவ்வாறு உறையாமல் காக்கவே அழைப்பை எடுத்துவிட்டனர். உறைதல் நீங்கியது; செய்தி சொல்வதும் அத்துடன் நின்றது.

2008ஆம் ஆண்டில் லீப் நொடியைத் துல்லியமாகச் சேர்ப்பதற்காக அந்த நேரமானி ஒன்றையே பயன்படுத்தலாயினர். அதில் வேறோர் ஆபத்து மறைந்திருந்தது. ஒரு செயலி, நேரத்தை ஒத்திசைக்கும் பகுதியின் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நேரமானியைத் தொடங்கும். தொடங்குவதற்கு அது நேரத்தைப் படித்தாக வேண்டும். அவ்வேளையில் இன்னொரு செயலி, கடிகாரத்தை மாற்றும் பூட்டைப் பிடித்துக்கொண்டு முதற்செயலியின் பூட்டுக்காகக் காத்திருக்கும். செம்பனைத் தோட்டத்து ஒற்றையடி மண்பாதையில் எதிரெதிரே வந்து நின்ற இரு லோரிகளைப் போன்ற நிலை இது. ஒன்று பின்வாங்காமல் மற்றொன்று நகராது. இம்முட்டுக்கட்டையை 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாமஸ் கிளைக்ஸ்னர் கண்டறிந்து விளக்கினார். ஜான் ஸ்டல்ட்ஸ் திருத்தினார். துல்லியம் சில மில்லி நொடிகள் குறைந்தாலும் குறையட்டும் என்று, லீப் நொடியை மீண்டும் வழக்கமான நொடிக் கணக்கிலேயே சேர்க்கும்படி செய்தார். அத்திருத்தம் அவ்வாண்டு மே மாதம் வெளிவந்த 3.4 பதிப்பில் இடம்பெற்றது.

உறைதல் தீர்ந்தது. ஆனால் 2007இல் நின்றுபோன செய்தி இன்னும் மீளவில்லை.

2012 ஜூலை முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரம் காலை எட்டு மணிக்கு லீப் நொடி சேர்ந்தது. சுவர் நேரம் ஒரு நொடி பின்சென்றது. நேரமானிகளின் குறிப்போ பழையபடியே இருந்தது. "அரை நொடி கழித்து எழுப்பு" என்று ஒரு நிரல் குறித்துக் கொடுத்த நேரம், நேரமானியின் கணக்கில் ஏற்கெனவே கடந்து போயிருந்தது. உடனே அது எழுப்பிவிடும். நிரல் விழித்துக் கடிகாரத்தைப் பார்க்கும், நேரம் ஆகவில்லை. மீண்டும் உறங்கக் கேட்கும். மீண்டும் உடனே எழுப்பப்படும். இவ்வாறு ஓயாமல் சுழன்று செயலியின் முழுத்திறனையும் விழுங்கிவிட்டது. ஜாவா, மைஎஸ்கியூஎல் ஆகியவற்றை நம்பிய வழங்கிகள் பெரிதும் திணறின. ரெடிட், லிங்க்ட்இன், மொசில்லா ஆகிய தளங்கள் இடருற்றன. ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் விமானங்கள் தாமதமாயின.

அன்று பரவிய கைவைத்தியம் வியப்புக்குரியது. கணினியின் நேரத்தை அதே நேரத்திற்கே மறுபடியும் அமைத்தால் போதும். சுமை சட்டென இறங்கிவிடும். நேரம் அதனால் மாறவில்லை. ஆயின் நேரத்தை அமைக்கும் செயல், ஐந்தாண்டுகளாகச் சொல்லப்படாதிருந்த அந்தச் செய்தியை நேரமானிகளுக்குச் சொல்லிவிட்டது.

நிலையான தீர்வையும் ஸ்டல்ட்ஸும் கிளைக்ஸ்னருமே அளித்தனர். பழைய அழைப்பை இருந்த இடத்தில் அப்படியே வைத்தால் பழைய உறைதலும் திரும்பும். ஆகவே குறுக்கீட்டின்போது "நேரம் மாறிற்று" என்று ஓர் அடையாளம் மட்டும் இடுவது, அந்நிலை முடிந்தபின் அறிவிப்பை நிறைவேற்றுவது என இரண்டாகப் பிரித்தனர். 2012 ஜூலை 21ஆம் நாள் வெளியான 3.5 பதிப்பில் இத்திருத்தம் சேர்ந்தது. பழைய பதிப்புகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டது.

2007இல் அழைப்பை நீக்கியோரைக் குறைகூற எனக்கு மனமில்லை. கண்முன் நின்ற ஆபத்து மெய்யானது. அதனை அவர்கள் தடுத்தார்கள். ஆயினும் சொல்லக்கூடாத நேரம் என்பது, சொல்லவே வேண்டாம் என்பதாகிவிடாது. வகுப்பு நடக்கும்போது பெற்றோரிடமிருந்து செய்தி வந்தால், ஆசிரியர் பாடத்தை நிறுத்துவதுமில்லை; செய்தியைத் தூக்கி எறிவதுமில்லை. சிறு தாளில் குறித்து வைத்து, மணி அடித்தபின் மாணவனிடம் சேர்ப்பிக்கிறார். 2012இல் கர்னல் கற்றுக்கொண்டதும் அதுவே.

எடை, அளவுகளுக்கான பொது மாநாடு 2022ஆம் ஆண்டில் கூடி, 2035க்குள் லீப் நொடி சேர்க்கும் முறையை மாற்றத் தீர்மானித்துள்ளது. நொடியைச் சேர்க்கும் வழக்கம் ஓயலாம். நேரம் மட்டுமன்று, எதை மாற்றினாலும் அதனை நம்பியிருப்போர்க்கு உரிய வேளையில் தெரிவிக்கும் கடமை ஓயாது.