பொய் வைகறையும் புதுக் கோள்களும்

வைகறை இரண்டு என்பது நம் இல்லங்களில் பலரும் அறிந்த செய்தி. கீழ்வானில் செங்குத்தாக எழுந்து மங்கிவிடுவது ஸுப்ஹு காதிப், பொய் வைகறை. அடிவானெங்கும் குறுக்காகப் பரவுவது ஸுப்ஹு ஸாதிக், மெய் வைகறை. ஃபஜ்ருத் தொழுகையின் நேரமும் நோன்பின் தொடக்கமும் இரண்டாவதைக் கொண்டே அமைகின்றன.

கோள்களுக்கிடையே மிதக்கும் நுண்தூசியில் பட்டுச் சிதறும் கதிரவன் ஒளியே அந்தப் பொய் வைகறை. பிற விண்மீன்களைச் சூழ்ந்தும் இத்தகைய தூசி உண்டு. பூமியையொத்த கோள்களைத் தேடுவோருக்கு இன்று அதுவே பெருந்தடை.

இத்தேடலின் முதல் ஏடுகளுள் ஒன்று சென்னையில் எழுதப்பட்டது. 1855-இல், நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாய்வகத்தின் தலைவர் கேப்டன் ஜேக்கப், 70 ஒபியூக்கி என்னும் இரட்டை விண்மீனின் பாதையில் பிறழ்வு கண்டார். புலப்படாத கோள் ஒன்று அதற்குக் காரணமாகலாம் என எழுதினார். 1896-இல் அமெரிக்க அறிஞர் தாமஸ் சீ அக்கருத்தை வலியுறுத்தினார். 1899-இல் மோல்ட்டன், சீ கூறிய அமைப்பு நிலைத்து நில்லாதெனக் கணக்கிட்டு மறுத்தார். அதுவும் ஒரு பொய் வைகறையாகவே முடிந்தது.

கோளை நேரில் காண்பது ஏன் அரிது? அகச்சிவப்புக் கதிரில்கூட நம் பூமி கதிரவனைவிட ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு மங்கலானது. 1978-இல் பிரேஸ்வெல் ஒரு வழி சொன்னார். இரு தொலைநோக்கிகள் திரட்டும் ஒளியில் ஒன்றை அரை அலைநீளம் தாமதப்படுத்திச் சேர்த்தால், முகடும் அகடும் கூடி விண்மீனின் ஒளி அணைந்துபோகும். சற்றே விலகி நிற்கும் கோளின் ஒளி வேறு கோணத்தில் வருவதால் அணையாது எஞ்சும்.

அவர் எண்ணியது விண்வெளிக் கருவியை. ஏவிய பின் திருத்துவது கடினமாகையால், முதலில் தரையில் சோதித்தனர். அமெரிக்காவின் அரிசோனாவில் கிரகாம் மலைமேல், 8.4 மீட்டர் விட்டமுள்ள இரு ஆடிகளை இணைத்து 38 விண்மீன்களை ஆராய்ந்தனர். எஞ்சும் ஒளியில் தூசியின் பங்கு எவ்வளவு என்பதே வினா. 2020-இல் முடிவு வெளியானது: கதிரவனையொத்த விண்மீன்களைச் சூழ்ந்த தூசியின் இடைநிலை அளவு, நம் குடும்பத்திலுள்ளதைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு, 27 மடங்கை மிஞ்சாதென்பது 95 விழுக்காடு உறுதி. தூசி மிகுந்து தேடலே வீணாகுமோ என்ற அச்சம் பெரிதும் தணிந்தது. விண்வெளித் தொலைநோக்கிகளைத் திட்டமிடுவோர் இவ்வளவைக் கொண்டே கணக்கிடுகின்றனர்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 11 பாகை அளவில் உள்ளன. இங்கே அப்பொய் வைகறை நன்கு நிமிர்ந்து நிற்கும். செப்டம்பர், அக்டோபரில், நிலவும் முகிலும் இல்லாத நாளில், ஊர் விளக்குகளைக் கடந்து வயல்வெளிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஃபஜ்ரு பாங்குக்கு முன் கிழக்கே தெரியும் அம்மங்கிய ஒளியைக் காட்டி, அது தூசியென்றும், மெய்யொளி அதன்பின் வருமென்றும் சொல்லிக்கொடுங்கள்.